வேலிக்கு வெளியே நின்ற சைக்கிள்

அந்தச் சைக்கிள் யாருடையது என்று என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

2008ஆம் ஆண்டு. ஓப்பநாயக்கவுக்கு இரண்டு மைல் தள்ளி, மெயின் ரோட்டோரமாக இருந்த ஒரு கார்மென்டில் நான் இராத்திரி செக்கியூரிட்டி. மாலை ஏழுக்கு ஏறினால் காலை ஏழுக்கு இறங்கலாம். தோட்டத்துப் பையனான எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், நான் சிங்களம் எழுதுவேன். கேட் புத்தகம் சிங்களத்தில் எழுதப்பட வேண்டும். ஏ.எல். பாதியில் விட்ட எனக்குப் படிப்பால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் ஒரு கதை வைத்திருந்தேன். பாடசாலையில் பிள்ளைகளின் சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள், மதிலுக்கு வெளியே நிறுத்த வேண்டும், ஒருநாள் என்னுடையது களவு போய்விட்டது, தோட்டத்திலிருந்து நடந்து வர முடியவில்லை என்பேன். களவு போனது உண்மை. ஆனால் எனக்குப் படிக்கவும் விருப்பமில்லை. சைக்கிள் ஒரு சாட்டு.

கார்மென்டில் நானூறு பேர் வேலை செய்தார்கள். பெரிய உத்தியோகத்தர்களுக்கு வான் இருந்தது. சுப்பர்வைசர்மாரின் மோட்டார் சைக்கிள்களுக்கு கேட்டுக்கு உள்ளே தகரக் கூரையும் சீமெந்துத் தரையுமாக ஒரு கொட்டகை. பன்னிரண்டு வண்டி நிற்கலாம். ஐந்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. மிச்ச இடத்தில் உடைந்த வெட்டு மேசை ஒன்றும், கன்டீன் நாயும் கிடந்தன.

சைக்கிளில் வருபவர்கள் முப்பது முப்பத்தைந்து பேர். அவர்களுடைய சைக்கிள்கள் வேலிக்கு வெளியே, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். இரத்தினபுரி மாவட்டத்து மழையைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாயங்காலம் வந்து சீட்டிலிருக்கும் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

"சேர்மாரட மோட்டர் பைக் நனஞ்சா காச்ச வரும் மச்சான்," என்பான் நிலாம். "எங்கட சைக்கிளுக்கு மழ பழக்கம். தோட்டத்து ஆக்கள் மாதிரி."

நிலாம் வெட்டுப் பிரிவில் வேலை செய்தான். கஹவத்தைக்காரன். அவனுடைய வாப்பா அங்கே தையல் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் உட்காரப் பிடிக்காமல் கார்மென்டுக்கு வந்தவன். சைக்கிள்களை உள்ளே விடச் சொல்லிக் கடிதம் எழுதியது அவன்தான். நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினான். சைக்கிள் இல்லாதவர்கள்கூடப் போட்டார்கள். கடிதத்தில் மூன்று விஷயம்: மோட்டார் சைக்கிள் கொட்டகையில் பாதி வேண்டும், நனைந்து வருபவர்கள் உடுப்பு மாற்ற ஓர் அறை வேண்டும், ஈர உடுப்பை வைக்க ஓர் இடம் வேண்டும்.

மூன்றாவது தனுஜாவுக்காகச் சேர்த்தது.

தனுஜா எங்கள் தோட்டத்து மேல் டிவிஷன். இருபத்திரண்டு வயது. ஏழாம் லைனில் கொலர் தைத்தாள். தோட்டத்து பஸ் ஆறரைக்கு இறங்கினாலும் சந்தியில் ஆள் சேரும் வரை நின்று, ஏழே காலுக்குத்தான் கார்மென்டைத் தாண்டும். கேட் ஏழுக்கு மூடும். பிந்தினால் அரை நாள் சம்பளம் வெட்டு. இரண்டு மாதம் வெட்டுப்பட்டுப் பார்த்துவிட்டு, இரத்தினபுரியில் ஒரு பழைய ஆண்கள் சைக்கிள் வாங்கினாள். பார் வைத்தது. லயத்து வீடுகளில் வாய் வைக்காத ஆள் இல்லை.

"சிரிக்கிறவங்க நாளைக்கு என் சம்பளத்துல பாதியக் குடுக்கட்டும்," என்றாள். அதோடு முடிந்தது.

வரும்போது நாலு மைல் இறக்கம். போகும்போது அதே நாலு மைல் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். தேயிலைக்குள்ளே கல் பதித்த பாதை. மழை நாளில் கேட்டுக்கு வந்து நிற்கும்போது பாவாடை விளிம்பிலிருந்து செம்மண் தண்ணீர் ஒழுகும். அப்படியே உள்ளே போக முடியாது. துணியில் கறை பட்டால் சுப்பர்வைசர் தொலைத்துவிடுவார். மாற்றுடுப்பு கொண்டு வருவாள். மாற்ற இடமில்லை. கேட்டுக்குப் பின்னால் எங்கள் செக்கியூரிட்டி கக்கூஸ் இருந்தது. தொழிலாளரை அங்கே விடக்கூடாது. நான் விட்டேன்.

"அண்ணே, நீங்க ஒரு நல்ல காரியந்தான் செய்றீங்க. ஒங்க கக்கூஸக் கொஞ்சம் கழுவினா ரெண்டாவது," என்பாள்.

ஈர உடுப்பைத் தைக்கும் இடத்துக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். அதைச் சைக்கிள் கரியரில் கட்டிவைக்க நான்தான் ஒரு பை கொடுத்தேன். அப்பா உரம் போடும் வேலை. எங்கள் வீட்டில் யூரியாப் பைகள் கிடக்கும். தோட்டத்தில் அந்தப் பை இல்லாமல் ஒன்றும் நடக்காது. மழைக்குத் தலையில் போடுவதும் அதுதான், விறகு கட்டுவதும் அதுதான், வாசலில் கால்மிதியும் அதுதான். உள்ளே பிளாஸ்டிக் இருப்பதால் ஈரம் வெளியே வராது. யோசிக்காமல் கொடுத்தேன். யோசிக்காமல் வாங்கினாள்.

அவளுடைய அண்ணன் சைக்கிளின் செயின் கவரில் மஞ்சள் பெயின்டால் 'தனுஜா' என்று தமிழில் எழுதியிருந்தான். அந்த வருஷம் தெற்கே பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. நான்தான் சொன்னேன்.

"இந்த நேரத்துல தமிழ் எழுத்தோட ரோட்டுல நிப்பாட்டாத. சொரண்டிப் போடு."

"பேரு இருந்தா என்ன? என் பேருதானே."

"அதனாலதான் சொல்றேன்."

அடுத்த நாள் கறிக் கத்தியால் சுரண்டிக்கொண்டு வந்தாள். பெயர் இருந்த இடத்தில் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது.

ஓகஸ்டில், இராத்திரி ஓவர்டைம் நடந்த நாட்களில், வேலியோரத்திலிருந்து இரண்டு சைக்கிள் களவு போயின. தனுஜாவின் டைனமோவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நிலாமின் முன் டயரை யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். கடிதத்தை எச்.ஆர். மிஸ் பார்த்துவிட்டு, பிரச்சினை இருப்பதற்கு ஆதாரம் வேண்டும், கேட் புத்தகத்தில் எழுதியிருந்தால் கொண்டு வாருங்கள் என்றாராம். நிலாம் என்னிடம் வந்தான்.

"நீ எழுதித்தான் ஈக்கும்?"

"எழுதிருப்பேன். பாக்குறேன்," என்றேன்.

நான் எழுதவில்லை. எங்கள் தலைமை செக்கியூரிட்டி பட்டாளத்தில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் சார்ஜன்ட் என்றே கூப்பிடுவார்கள். அவர் என்னைச் சிங்களத்தில் மல்லி, தம்பி, என்பார். "மல்லி, களவு என்று எழுதினால் காவல் சரியில்லை என்று அர்த்தம். உன் கழுத்தும் போகும், என் கழுத்தும் போகும்," என்று சொல்லியிருந்தார். அதனால் களவு போன நாட்களிலும் 'வழமை போல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புத்தகத்தைப் பார்த்த மிஸ், பிரச்சினை எதுவும் இல்லையே என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லொறி திருப்ப இடம் போதாது என்றும் ஒரு காரணம் சேர்த்தார்.

நிலாம் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. தனுஜா பேசினாள்.

"அப்ப இத எங்கதான் நிப்பாட்டுறது அண்ணே? அடுத்தது டயரத்தான் கழட்டுவானுங்க."

கேட்டிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு போக்கு இருந்தது, ரோட்டுக்குக் கீழே தண்ணீர் போவதற்கு. அதன் பின்னால் கரண்ட் டிரான்ஸ்போமர். நடுவில் கித்துல் மரமும் பற்றையும். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

"அங்கன போடு. யாருக்கும் கண்ணுல படாது," என்றேன்.

இடமும் நான் சொன்னது.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிய முன்பே மழை. ஆறு மணிக்கே வந்தாள், எங்கள் கக்கூஸில் உடுப்பு மாற்றினாள், ஈர உடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கரியரில் கட்டிவிட்டு வந்து உள்ளே போனாள். போகும்போது, "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க அண்ணே, கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் இருக்கு," என்றாள்.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது பொலிஸ் ஜீப் ஒன்று போக்கடியில் நின்றது. சிறுநீர் கழிக்கப் பற்றைக்குள் போன ஒரு முச்சக்கர வண்டிக்காரன் பார்த்துவிட்டு டெலிபோன் எடுத்திருந்தான். டிரான்ஸ்போமரின் கீழே, மறைவாக, பெயர் சுரண்டப்பட்ட சைக்கிள். கரியரில் இறுக்கிக் கட்டிய யூரியாப் பை. யூரியாவில் குண்டு செய்வார்கள் என்று எல்லோரும் பேசிய காலம்.

பொலிஸ்காரர் இருவர் கேட்டுக்கு ஓடி வந்தார்கள். சார்ஜன்டும் அப்போதுதான் வந்து இறங்கினார். மூவரும் என் முன்னால் நின்றார்கள்.

"காகெத மேக?" என்று ஒருவர் கையை நீட்டிக் கேட்டார். யாருடையது இது.

"தன்னே நே," என்றேன்.

தெரியாது. இரண்டு சொல்.

"உள்ளே வேலை செய்பவர்கள் யாருடையதாவது?"

"நம்முடைய சைக்கிள் எல்லாம் வேலியோரத்தில்தான் சேர் நிற்கும்."

அதற்குக் காரணம் நிறையச் சொல்லலாம். என்னுடைய அடையாள அட்டையில் என் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்தன. போன மாதம்தான் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி அரை நாள் வைத்திருந்தார்கள். தெரியும் என்றால், எப்படித் தெரியும், அங்கே யார் நிறுத்தச் சொன்னது, பெயரை யார் சுரண்டச் சொன்னது, பை யாருடையது என்று கேட்டுக்கொண்டே போவார்கள். எல்லாவற்றுக்கும் பதில் நான்தான். இவையெல்லாம் பிறகு யோசித்துச் சேர்த்தவை. அந்த நேரம் ஒன்றும் யோசிக்கவில்லை. பயந்தேன். வாய் தானாகச் சொன்னது.

கேட்டில் நிற்பவன் இல்லை என்று சொன்ன பிறகு உள்ளே யாரிடமும் கேட்கவில்லை. ரோட்டில் குண்டு இருக்கிறது என்று மட்டும் சொல்லி நானூறு பேரையும் பின்பக்க மைதானத்துக்கு ஓட்டினார்கள். அவளும் அவர்களோடு மழையில் நின்றாள். தன் சைக்கிளைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்து நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

ஒன்பதரைக்குக் குண்டு நிபுணர்கள் வந்தார்கள். சைக்கிளில் நீளமான கயிறு கட்டி, ரோட்டுக்கு இழுத்துப் போட்டு, பையில் எதையோ வைத்து வெடிக்க வைத்தார்கள். என்னை வீட்டுக்குப் போக விடவில்லை. நான் கேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அந்த இரண்டரை மணி நேரமும் எனக்கு வாய் இருந்தது. சார்ஜன்ட் பக்கத்தில்தான் நின்றார். அவருடைய காதில் சொல்லியிருக்கலாம்.

சத்தம் அடங்கியபோது ரோட்டில் ஒரு நீலச் சட்டையும், கிழிந்த பாவாடையும், ஒரு ஜோடி செருப்பில் ஒன்றும் கிடந்தன. சைக்கிள் நடுவில் மடிந்திருந்தது.

மைதானத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் அவள்தான் முதலில் கண்டாள்.

"அது என் சட்ட!" என்று கத்திக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினாள். சிரித்தவர்களும் இருந்தார்கள், பயம் தெளிந்த சிரிப்பு. பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. ஏன் ஒளித்து வைத்தாய், ஏன் பெயரைச் சுரண்டினாய் என்று அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்தாள். என் பெயர் அவளுடைய வாயிலிருந்து வந்துவிடுமோ என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைத் தேடி வந்திருப்பார்கள்.

கார்மென்டில் அவளை உள்ளே எடுக்கவில்லை. சைக்கிள் அவளுடையதுதான், தினமும் அதில்தான் வந்தாள் என்று கேட் உறுதிப்படுத்தினால் எடுக்கலாம், கேட்டோ தெரியாத சைக்கிள் என்று பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுத்திருக்கிறது என்றார் எச்.ஆர். மிஸ். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் தீராவிட்டால் ஏழாம் லைனுக்கு வேறு ஆள். இதை எனக்கு நிலாம் சொன்னான்.

"நீ காணாததா அந்தச் சைக்கிள? ஒவ்வொரு நாளும் ஒன்ட கண்ணுக்கு முன்னுக்குத்தானே இறங்கினா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு புத்தகத்தில் வான் நம்பரை எழுதினேன்.

"கேக்கிறத்துக்குச் சொல்லு மச்சான்."

"காலையில தூக்கக் கலக்கம் நிலாம். கவனிக்கல."

"ஓ," என்றான். "தூக்கத்திலயும் ஒனக்குச் சிங்களம் நல்லா வருது."

இதற்கிடையில் ஒன்று நடந்தது. மெனேஜர் கேட்டடிக்கு வந்து நின்று, மோட்டார் சைக்கிள் கொட்டகையை இரண்டு மடங்காக நீட்டச் சொன்னார். இனி ஒரு சைக்கிள்கூட வெளியே நிற்கக்கூடாது, பாதுகாப்புப் பிரச்சினை, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். சீமெந்து வந்தது. வெட்டு மேசையைத் தூக்கி எறிந்தார்கள். லொறி திருப்ப இடம் போதாத முற்றத்தில் லொறியும் திரும்பியது, கொட்டகையும் எழுந்தது. நாற்பத்தொரு கையெழுத்தால் ஆகாதது ஒரு யூரியாப் பையால் ஆனது. இரவெல்லாம் நான் அந்த ஈரச் சீமெந்தை நாய் மிதிக்காமல் காவல் காத்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை பின்னேரம் மேல் டிவிஷனுக்கு நடந்தேன். அவள் தள்ளிக்கொண்டு ஏறும் பாதை. சும்மா நடக்கவே எனக்கு மூச்சு வாங்கியது. தனுஜா அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாள் என்று தெரிந்தது; விரல்கள் கறுத்திருந்தன. அவளுடைய அம்மா மூக்காயி என்னைக் கண்டதும் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டாள். கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"குடிங்க தம்பி. மிச்சம் இருந்தா யூரியாப் பையில கட்டித் தரவா? ஒங்க வீட்டுலதான் நெறைய இருக்குமே."

"அம்மா, சும்மா இரு," என்றாள் தனுஜா.

நான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். வழியெல்லாம் சொற்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒங்களுக்குப் பயம். எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான், அந்த ரெண்டு நாளும். அவுங்க கேட்டாங்க, யாரு சொல்லித் தந்தது, யாரு பை தந்தது. நான் யாரும் இல்லன்னேன். ஒங்களக் காப்பாத்த இல்ல. ஒங்க பேரச் சொன்னா ரெண்டு தமிழாளு சேந்து செஞ்சதுன்னு ஆயிருக்கும். ஒரு ஆளுன்னா பைத்தியக்காரின்னு விட்டுருவாங்க."

"நான் சொல்லிருந்தா..."

"சொல்லிருந்தா என் சைக்கிளு இருக்கும்."

கோப்பையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒங்க மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய அண்ணே? மிஸ் கேக்குறது கேட் புத்தகம். அதுல எழுதுங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச சைக்கிளுன்னு எழுதுங்க. நாளைக்கு எழுதினா வெள்ளிக்கிழமைக்கு நான் உள்ள. எழுத முடியாட்டி இப்பவே சொல்லிருங்க. நானும் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

"எழுதுறேன்," என்றேன்.

"நெலாம் கேட்டப்பயும் இப்பிடித்தான் சொன்னீங்க," என்றாள். "குடிச்சிட்டுப் போங்க. ஏழு மணிக்கு ஏறணும்ல."

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் புத்தகத்தைத் திறந்தேன். இரவு முழுக்க நேரம் இருந்தது. தொடவில்லை. சைக்கிள்காரர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் எழுத முடிந்தது. அவர்கள் பாதி கட்டிய கொட்டகைக்குள் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது.

சிங்களத்தில் எழுதினேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை போக்கடியில் இருந்த சைக்கிள் ஏழாம் லைன் தனுஜாவுடையது. மார்ச் மாதம் தொடக்கம் எனக்குத் தெரியும். அங்கே நிறுத்தச் சொன்னது நான். பெயரை அழிக்கச் சொன்னது நான். பை என் வீட்டுப் பை. உடுப்பு மாற்ற செக்கியூரிட்டி கக்கூஸைக் கொடுத்தது நான். பொலிஸுக்குத் தெரியாது என்று சொன்னது பொய். ஓகஸ்டில் களவு போன இரண்டு சைக்கிள்களின் திகதியையும் அதன் கீழே எழுதினேன். அந்த நாட்களில் 'வழமை போல்' என்று எழுதியதும் பொய். கையெழுத்துப் போட்டேன்.

சார்ஜன்ட் ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். வந்ததும் புத்தகத்தைத்தான் பார்ப்பார். நின்றபடியே வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பக்கத்தின் விளிம்பைப் பிடித்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட் புத்தகத்தில் பக்கங்களுக்கு இலக்கம் அச்சடித்திருக்கும். ஒரு பக்கம் குறைந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். விரலை எடுத்துக்கொண்டார்.

"மல்லி, இது என்னவென்று தெரிந்துதான் எழுதினாயா?"

"தன்னவா," என்றேன். தெரியும்.

"ஒன்பது நாளைக்கு முன் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம்தான் போயிருக்கும்," என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. "தொப்பியையும் விசிலையும் வைத்துவிட்டுப் போ."

புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிஸ்ஸின் அறைக்குப் போனார். அதன் பிறகு நான் பொலிஸுக்கும் இரண்டு தரம் போய் வந்தேன். அடித்தார்களா என்று அம்மா கேட்டாள். இல்லை. திட்டினார்கள். பொய்ச் சாட்சி சொன்னவனுக்கு அது குறைவு.

பிறகு ஒரு தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் இராத்திரி வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சனிக்கிழமை கஹவத்தைச் சந்தையில் நிலாமைக் கண்டேன். முகத்தைத் திருப்பவில்லை. கொட்டகைக்குக் கூரை போட்டாயிற்றாம். நல்ல தகரம். கொக்கி அடித்து ஈர உடுப்புத் தொங்கவிடவும் இடம் வைத்திருக்கிறார்களாம். நாற்பது சைக்கிளுக்கு மேல் நிற்கிறதாம்.

"தனுஜா?" என்று கேட்டேன்.

"வாரா. அந்தத் திங்கக்கிழமையே எடுத்தாங்க."

"எதுல வாரா?"

நிலாம் சந்தைப் பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"பஸ்லதான் மச்சான். வேற எதுல?"

பஸ் இன்னும் ஏழே காலுக்குத்தான் வருகிறது. கேட் ஏழுக்கு மூடுகிறது.